ஓட்டை பார்ப்பவள்

எங்கள் முதலாளி பாக் செனோவுக்குத் தலை இருப்பது தலைப்பாகை வைக்க மட்டும்தான். சோலோ நகரில் பாத்திக் துணிப் பட்டறை ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. இங்கே யார் என்ன வேலை பார்க்கிறோம் என்று இன்றுவரை அந்த மனிதருக்குத் தெரியாது.

நான் ஓட்டை பார்ப்பவள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவேன். ஓட்டை, கறை, இழை விட்ட இடம், அவ்வளவுதான் கண்ணில் படும். துணியில் இருந்தது பூவா மயிலா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். டிசைன் பார்த்துப் பிரித்து அடுக்குவது துகிராவின் வேலை.

போன மாதம் முதலாளி, ஓரம் கிழிந்த துணி வந்தால் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். ஏழு வந்தது, ஏழையும் எடுத்து வைத்தேன். கிழிசல் பார்க்கிறவள் கண்ணில் கிழிசல் படாதா? ஆனால் எனக்கு அபார ஞாபகசக்தி என்று முடிவு கட்டிவிட்டார், மேதாவி.

அதனால்தான் மகள் லாரஸின் கல்யாணத்துக்காகச் சம்பந்தி வீட்டுக்குத் துணி அனுப்பும்போது நேரே என்னிடம் வந்தார்.

"வாகியெம், இதுல பராங் டிசைன், அதான் அந்த வாள் வரிசை, கலந்திருந்தா எடுத்துடு. கல்யாணத்துக்கு அதைக் கட்டினா புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஓயாத சண்டைதான். சம்பந்தியம்மா இந்த விஷயத்துல நெருப்பு. ஒண்ணு போனாலும் சம்பந்தமே வேணாம்னுடுவாங்க."

"துகிராகிட்ட சொல்லுங்க பாக். அவதான் டிசைன் பாக்குறவ. என் கண்ணு ஓட்டையிலயே இருக்கும், மறந்துடுவேன்."

"எல்லாம் ஒரே கண்ணுதானே! சாக்கு சொல்லாத."

டீ குடிக்கும்போதுகூட ஞாபகம் இருந்தது. மேசையில் உட்கார்ந்து விளக்கைப் போட்டேன். பராங் பேச்சு போன இடம் தெரியவில்லை. துரை தன் கையால் மூட்டை கட்டினார், ஒரு தடவை பிரித்துப் பார்த்தாரா? அவருக்கு என்ன கேடு, வாகியெம்தான் இருக்கிறாளே!

மூன்றாம் நாள் சம்பந்தி வீட்டு டிரைவர் மூட்டையை வாசலில் எறிந்துவிட்டுப் போனான். மேலாக இருந்தது பராங். வரிசையாகச் சாய்ந்த வாள்கள், அவ்வளவு பெரிது பெரிதாக. கல்யாணம் நின்றுவிட்டது. லாரஸ் அழுத அழுகை இப்போதும் என் காதில் இருக்கிறது.

"உன் கண்ணு அவிஞ்சா போச்சு? இப்பவாவது நல்லாப் பாருடி!" என்று முதலாளி கத்தி, அந்தத் துணியை என் மேசைமேல் விசிறினார்.

விளக்கைப் போட்டேன். ஓரத்திலிருந்து ஓரம்வரை நிதானமாக நகர்த்தினேன்.

"பாத்துட்டேன் பாக். ஒரு ஓட்டைகூட இல்ல."