உடைய மறுத்த சூப் ஜாடி

சனிக்கிழமை காலையில் ப்ரோன்கா காபியில் வாய் வைப்பதற்குள் கைபேசி அலறியது. விற்பனைத் தளத்திலிருந்து செய்தி வந்திருந்தது. 'வாங்கியவர் புகார் அளித்துள்ளார். காரணம்: பொருள் வழியில் சேதமடைந்தது. இன்று மாலைக்குள் படத்துடன் பதில் தரவும்.'

காபி ஆறியது. அவள் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கஷூபிய நாட்டின் கார்ட்டூசி ஊரில் பழைய பீங்கான் சாமான்களை இணையத்தில் விற்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பெயருக்குக் கீழே பச்சை எழுத்தில் 'இவர் அனுப்பிய எதுவும் இதுவரை உடைந்ததில்லை' என்று தளமே எழுதி வைத்திருப்பது ப்ரோன்கா ஒருத்திக்குத்தான். அந்த ஒரு வரி அவளுக்கு என்னவென்று தளத்துக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ் அன்றே மாமியாரின் மீன் தட்டைக் கை நழுவவிட்டவள் அவள். பிறகு ஒரு கண்ணாடிக் குடுவை. பிறகு நாத்தனார் லுட்விகா ஆசையாக வாங்கிய தேநீர்க் கோப்பை. அன்றைக்கு லுட்விகா வைத்த பெயர்தான் 'உடைசல்'. அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டிய புருஷனே "உடைசல், அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளு" என்பான். விருந்தென்றால் எல்லாருக்கும் பீங்கான், அவளுக்கு மட்டும் தகரக் குவளை. இப்படியே பாதி ஆயுள் போனது.

ஒரு மனுஷியைப் பாதி ஆயுள் அப்படிக் கூப்பிட்டால் அவள் என்னதான் செய்வாள்? ப்ரோன்கா பீங்கான் விற்க ஆரம்பித்தாள். குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லுட்விகாவும் போட்டிக்கு ஒரு கடை திறந்தாள். லுட்விகா அனுப்பியதில் அவ்வப்போது ஏதாவது உடையும். ப்ரோன்கா அனுப்பியதில் ஒரு கீறல் கிடையாது. அவள் பெட்டி கட்டுவதைப் பார்த்தால் பச்சைக் குழந்தையைப் பனியில் வெளியே கொண்டுபோகிறாளோ என்று தோன்றும். இந்த சூப் ஜாடிக்குள் கோதுமைத் தவிடு நிரப்பிய துணிப்பைகளைத் திணித்து, மூடியைத் தனியாக ஒரு கம்பளிக் காலுறையில் போட்டு, எல்லாவற்றையும் புருஷனுடைய பழைய பஞ்சுக் கோட்டில் சுற்றி, அதைப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை வைக்கோல் அடைத்த இன்னொரு பெட்டிக்குள் வைத்திருந்தாள். அதற்கு மேல் சிவப்பு மையில் 'பீங்கான், உடையும்' என்று நாலு பக்கமும் எழுதியிருந்தாள். அதுவா உடைந்தது?

விதிப்படி முதலில் படம் கேட்டாள். உடனே வந்தது. ஒரு வீட்டு வாசலில் இடுப்பளவு உயரத்துக்குச் சில்லுக் குவியல். தட்டுகள், பாட்டில்கள், ஊறுகாய்க் குப்பிகள், நடுவே பிளந்து கிடக்கும் கம்மோடு ஒன்று. ஒரு சூப் ஜாடிக்குள்ளிருந்து கம்மோடு வராது என்கிற அளவுக்கு ப்ரோன்காவுக்கு விவரம் தெரியும். குவியலின் ஓரத்தில் அவள் கட்டிய பெட்டி, மூலைகள் நசுங்கி, நூல்கட்டு பிரியாமல் கிடந்தது.

போல்ட்டர் நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் வீட்டு வாசலில் ஊரே வந்து பீங்கானையும் கண்ணாடியையும் போட்டு உடைக்கும். மறுநாள் தேவாலயத்துக்குக் கிளம்புமுன் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து பெருக்கி அள்ள வேண்டும். எவ்வளவு உடைகிறதோ அவ்வளவு நல்லது. ப்ரோன்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, ஜாடி உடைஞ்சிருக்கா?"

"அதானே தெரியலை," என்றாள் மறுமுனையில் மணப்பெண்ணின் தாய் கெனோவேஃபா. குரல் அழுது அழுது கட்டியிருந்தது. "உடைஞ்சிருந்தா நான் ஏன் புகார் குடுக்கப்போறேன்?"

"வழியில சேதம்னு போட்டிருக்கீங்களே."

"அந்தப் பட்டியல்ல 'உடைய மாட்டேங்குது'ன்னு ஒண்ணும் இல்லைம்மா. இருக்கறதுல கிட்டக்க இருந்ததைத் தொட்டேன்."

நடந்தது இதுதான். கல்யாண மேஜையில் கோழி சூப் பரிமாறத்தான் ஜாடி வாங்கினாள் கெனோவேஃபா. கூரியர்க்காரன் பெட்டியோடு வந்து சேர்ந்த நேரம் போல்ட்டர் உச்சத்தில் இருந்தது. அவனும் இந்தப் பக்கத்துப் பையன்தான். வாசல் முழுக்க ஜனங்கள் பீங்கானை வீசிக்கொண்டிருக்கிறார்கள், தன் கையில் 'பீங்கான், உடையும்' என்று எழுதிய பெட்டி. அவன் வேறு என்ன நினைப்பான்? யாரோ நீட்டிய கேக்கைத் தின்றான், "பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்" என்றான், பெட்டியைச் சுவரில் ஓங்கி அடித்தான்.

"பந்து மாதிரி எகிறித் திரும்பி வந்து அவன் கால்லயே விழுந்துச்சு," என்றாள் கெனோவேஃபா. "ஒரு சத்தம் இல்லை. எங்க மச்சினர் மாடியிலேருந்து போட்டுப் பார்த்தாரு. அதுக்கும் ஒண்ணும் ஆகலை. என் பொண்ணு வாழ்க்கையை நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

ப்ரோன்காவுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. அதைக் குரலில் காட்டாமல், "நானே வர்றேன்," என்றாள்.

கெனோவேஃபாவின் ஊரான போருச்சினோ, ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது வாசலில் மணப்பெண் மல்வினா தலையில் முடி சுருட்டும் உருளைகளோடும் கையில் துடைப்பத்தோடும் நின்றாள். மாப்பிள்ளை ரெமெக் தள்ளுவண்டியில் சில்லுகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். இருவரும் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கினார்களே தவிர அதைத் தொடவில்லை. படியில் மச்சினர் அக்கார்டியன் வாத்தியத்தை வாசிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திறந்து பார்த்துட வேண்டியதுதானே?" என்று கேட்டாள் ப்ரோன்கா.

"வீட்டு மனுஷங்க திறக்கக் கூடாது," என்றாள் கெனோவேஃபா. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கைபேசியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "வீசினது வீசினப்பவே உடைஞ்சிருக்கணும். உடையலைன்னு தெரிஞ்சு நாமளா உடைச்சா அது கள்ளக்கணக்கு. நீங்க வெளியாள். நீங்க பார்த்துச் சொல்லுங்க."

"ஒரு ஜாடிக்காக இவ்வளவா?"

கெனோவேஃபா வாயைத் திறப்பதற்குள் மல்வினா ப்ரோன்காவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"எனக்கு இது ரெண்டாவது போல்ட்டர்," என்றாள். "முதல் தடவை ஒரே ஒரு ஊறுகாய்க் குப்பி உடையாம உருண்டு போச்சு. மறுநாள் அவன் தேவாலயத்துக்கு வரலை. நார்வேக்குப் போய் மீன் வெட்டிட்டிருக்கான்."

"அதுக்கும் குப்பிக்கும் என்னடியம்மா சம்பந்தம்?"

"அம்மா சொல்றது பைத்தியக்காரத்தனம்னு எனக்கும் தெரியும். ஆனா போன தடவையும் அப்படித்தான் சொன்னேன்." அவள் ரெமெக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கம்மோட்டின் பாதியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தான். "இவனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

ப்ரோன்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தூக்கும்போதே காதுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கிணுக்குக்கூட இல்லை. நூலை அறுத்தாள், வைக்கோலை விலக்கினாள், கோட்டைப் பிரித்தாள். நீலப் பூப் போட்ட வெள்ளை ஜாடி அவள் வீட்டிலிருந்து கிளம்பிய மாதிரியே சமத்தாக உட்கார்ந்திருந்தது. சுவரில் அடித்து, மாடியிலிருந்து போட்டு, ஒரு மயிரிழைக் கீறல் இல்லை. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்தக் கையையா உடைசல் என்றார்கள்?

கைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்தாள். தளத்துக்கு அனுப்பினால் புகார் அத்தோடு தள்ளுபடி. பச்சை வரி பச்சையாகவே இருக்கும். ஆனால் அனுப்பிய மறுகணம் அதே படம் கெனோவேஃபாவின் கழுத்தில் கிணுகிணுக்கும். மல்வினாவும் அதைப் பார்ப்பாள், தேவாலயத்தில் மாப்பிள்ளை வருவானா என்று கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ப்ரோன்கா விரலை எடுத்துக்கொண்டாள். ஜாடியைப் பார்த்தாள். வாய்க்கு வந்தபடி கூரியர்க்காரனைத் திட்டினாள்.

உடைப்பது என்று முடிவானபின் சத்தம் வெளியே கேட்கக் கூடாதே என்ற கவலை வந்தது. ஜாடியை மேஜைவிரிப்பில் சுற்றி, பூரிக்கட்டையால் ஒரு போடு போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஓங்கிப் போட்டாள். கட்டைதான் எகிறியது. பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கை தன் பாட்டுக்கு வழக்கம்போல மூலைகளை மடித்து, அடியில் ஒரு மெத்தை வைத்து, கைப்பிடிகளுக்கு இடையில் கைத்துண்டைக்கூடச் செருகியிருந்தது. எப்போது செருகினோம் என்று அவளுக்கே நினைவில்லை. மறுபடி சுற்றினாள், இந்த முறை வேண்டுமென்றே தொளதொளவென்று. அதற்குள் கை இறுக்கிவிட்டது.

கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"மச்சினரே, கொஞ்சம் வாசிங்க. சத்தமா வாசிங்க."

"எதுக்கும்மா?"

"எங்க கடை விதி. பெட்டி திறக்கும்போது சங்கீதம் இருக்கணும்."

கல்யாண வீட்டில் விதி என்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அக்கார்டியன் கூரை பிய்கிறாற்போல் எழுந்தது. ப்ரோன்கா விரிப்பை உதறித் தூரப் போட்டாள். ஜாடியை வெறுங்கையால் மார்பளவுக்குத் தூக்கினாள். மாமியாரின் மீன் தட்டை நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கையில் வியர்த்தது. அந்த வியர்வை இப்போதும் வந்தது. விரல்களை விட்டாள்.

அப்படி ஒரு உடைதலை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அடுப்புக்கு அடியில்கூடச் சில்லு போய்க் கிடந்தது. எல்லாவற்றையும் அள்ளி, கோட்டில் போட்டு, பெட்டியில் வைத்து, வாசலுக்கு எடுத்துவந்து குலுக்கிக் காட்டினாள். சில்லுகள் சலசலவென்று பேசின.

"முதல் அடியிலேயே தூள்," என்றாள். "கோட்டுக்குள்ள இருந்ததால சத்தம் வரலை, அவ்வளவுதான்."

கெனோவேஃபா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மச்சினர் நிறுத்தாமல் வாசித்தார். மல்வினா பெட்டியைக் குவியலின்மேல் கவிழ்த்துவிட்டு, ரெமெக்கோடு சேர்ந்து ஒரே மூச்சில் பெருக்கினாள். சூப்பைப் பால் கேனிலேயே பரிமாறிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ப்ரோன்கா சில்லுகளைப் படம் பிடித்துத் தளத்துக்கு அனுப்பி, 'புகாரை ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினாள். விரல் அழுத்தியதே தவிர மனசு அழுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கெனோவேஃபாவின் கருத்து தளத்தில் வந்திருந்தது. 'அருமையாக உடைந்து வந்தது. மாப்பிள்ளையும் சரியான நேரத்துக்கு வந்தார். எல்லாருக்கும் சிபாரிசு செய்கிறேன்.' கூடவே எல்லா நட்சத்திரங்களும் தந்திருந்தாள். தளம் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டு, 'உடைந்து' என்ற சொல்லைப் பார்த்து, பச்சை வரியை எடுத்துவிட்டது. அந்த இடத்தில் 'பொருள்களைப் பாதுகாப்பாகக் கட்டுவது எப்படி?' என்ற காணொளியை அவளுக்கென்று போட்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே லுட்விகா கூப்பிட்டுவிட்டாள்.

"என்ன அண்ணி, பச்சை எழுத்தைக் காணோம்? ஜாடியாமே. சுக்குநூறாமே."

"ஆமா."

"நான் அப்பவே நினைச்சேன், இந்தக் கை எத்தனை நாளைக்குத் தாங்கும்னு. பொறந்த புத்தி போகுமா, உடைசல்?"

ப்ரோன்காவின் கைபேசிக்குள் அந்த இன்னொரு படம் அழிக்கப்படாமல் இருந்தது. நீலப் பூ ஜாடி, பக்கத்தில் மூலை நசுங்கிய பெட்டி, பின்னால் கெனோவேஃபா வீட்டு அடுப்பு. ஒரு விரல் அசைத்தால் லுட்விகாவுக்குப் போய்விடும். லுட்விகாவுக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் கஷூபிய நாடு முழுக்கப் போய்விடும், போருச்சினோ உட்பட. ப்ரோன்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஒரு கீறலாவது இருக்கிறதா என்று மெதுவாகத் தேடினாள். இல்லை.

"அண்ணி? இருக்கியா? என்னதான் ஆச்சு?"

"ஒண்ணுமில்லை லுட்விகா," என்றாள் ப்ரோன்கா. "பெட்டியில வைக்கோல் கொஞ்சம் பத்தலை."