மெத்தைக்கு முதுகு வந்தது

இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்த அவருக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் குதிரை ஆசை வந்தது. வந்த வேகத்திலேயே, நகரத்துக்கு வெளியே இருந்த சவாரிப் பள்ளியில் ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரையை வாங்கியும் விட்டார். அதற்குப் பதின்மூன்று வயது. பரம சாது. முதுகு நடுவில் குழிந்து, வயிறு தொங்கி, பின்னங்கால்களைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும். ஏறி உட்கார்ந்தால் ஆளை அப்படியே உள்வாங்கிக்கொள்ளும். லாயத்தில் எல்லோரும் அதை 'மெத்தை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்தப் பெயர் மேனேஜர் காதுக்கு எட்ட ஆறு மாதம் ஆனது. எட்டியதும் துடித்துப்போனார்.

"என் குதிரையைப் போய் மெத்தைங்கிறாங்க!" என்று மனைவியிடம் பொருமினார். மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லாயத்துக்கு அவரோடு வாரம் தவறாமல் வருவார், காரை விட்டு இறங்காமல் பரீட்சைப் பேப்பர் திருத்துவார்.

"பாராட்டுதானேங்க அது? நீங்க இதுவரைக்கும் கீழ விழாம இருக்கிறதுக்கு வேற என்ன காரணம்?"

மூன்று மாதத்தில் சவாரிப் பள்ளியில் ஒரு போட்டி வரவிருந்தது. சொன்ன இடத்தில் நடை, சொன்ன இடத்தில் ஓட்டம், சொன்ன இடத்தில் திருப்பம். ஒவ்வொன்றுக்கும் நடுவர் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார். அதில் தன் குதிரை யாரென்று காட்டிவிட வேண்டும் என்று மேனேஜர் கங்கணம் கட்டிக்கொண்டார். கால்நடை மருத்துவரை வரவழைத்தார். அவர் குதிரையின் முதுகெலும்போடு விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்ல. வயித்துக்கும் பின்பக்கத்துக்கும் வேலையே இல்லாம சதை தூங்குது. எழுப்புங்க" என்றார்.

எழுப்புவதற்குச் சவாரி சொல்லித்தரும் பெண் பயிற்சியாளர் ஒரு சாதனம் கொண்டுவந்தார். சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணி, அதன் இருபக்கமும் கொக்கிகள், கொக்கிகளில் மாட்ட இரண்டு அகலமான ரப்பர் பட்டைகள். ஒன்று வயிற்றுக்கு அடியில் போகும். இன்னொன்று வாலுக்குக் கீழே பின்தொடைகளைச் சுற்றி வரும்.

"இது இழுத்துக் கட்டுற கயிறு இல்ல சார்" என்றார் அவர். "லேசா தொட்டுக்கிட்டே இருக்கும். தொடத் தொட, குதிரை தானா வயித்தைத் தூக்கும், பின்னங்காலை நல்லா முன்னால எடுத்து வைக்கும். ஆரம்பத்துல தளர்வா மாட்டி, கையில பிடிச்சு நடத்தணும். பத்து நிமிஷம். வாரத்துக்கு மூணு நாள்."

"பத்து நிமிஷத்தை நாற்பதாக்கினா கால்வாசி நாள்ல முடிஞ்சிடும்ல மேடம்?"

"முடியாது சார்."

மேனேஜர் தலையை ஆட்டினார். மறுநாளே லாயக் கதவில் ஒரு அட்டவணையை ஒட்டினார். 'இலக்கு', 'சாதனை', 'குறைந்ததற்கான காரணம்' என்று மூன்று கட்டங்கள். மெத்தை அன்று மாலையே அதைத் தின்றுவிட்டது. அடுத்ததை லேமினேட் செய்து எட்டாத உயரத்தில் ஒட்டினார்.

இரண்டாவது வாரம் பயிற்சியாளர் லீவில் இருந்த நாளாகப் பார்த்து வந்து, பட்டைகளைக் கடைசி ஓட்டைவரை இறுக்கி, குதிரையை நாற்பது நிமிடம் ஓட விட்டார். மறுநாள் மெத்தை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. முதுகு பலகையாக விறைத்திருந்தது. பட்டை உரசிய இடத்தில் தொடை மயிர் உதிர்ந்திருந்தது.

"யார் சார் இறுக்கினது?"

மேனேஜர் தன் ஷூவைப் பார்த்தார். "சும்மா... ஒரு மோட்டிவேஷனுக்காக."

"உங்க ஆபீஸ்ல தாங்க முடியலன்னா லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. இதுக்கு எழுதத் தெரியாதே சார்."

ஒரு வாரம் முழு ஓய்வு. அதன்பிறகு பட்டைப் பக்கமே மேனேஜர் போகக்கூடாது என்று உத்தரவாயிற்று. வேறு ஆள் இல்லாததால் கணக்கு டீச்சர் பேனாவை மூடிவிட்டுக் காரை விட்டு இறங்கினார். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்; பதினோராவது நிமிடத்தில் கொக்கி கழன்றிருக்கும். நாலு வாரம் கழித்து, பின்குளம்பின் தடம் முன்குளம்பின் தடத்தையே தாண்டி விழுவதை மண்ணில் குனிந்து பார்த்து முதலில் சொன்னவரும் அவர்தான். எட்டு வாரத்தில் முதுகுக் குழி நிரம்பி, பழைய சேணம் பொருந்தாமல் போனது.

இந்த எட்டு வாரமும் மேனேஜர் சும்மா இருக்கவில்லை. ஆபீஸில் 'தடையே வலிமை' என்று ஸ்லைடு போட்டுப் பேசினார். குதிரையின் 'முன்', 'பின்' படங்களைக் காட்டினார். ஆளுக்கொரு ரப்பர் பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டார். ஊழியர்கள் கைதட்டினார்கள். சாயங்காலமே அந்தப் பட்டைகள் ஃபைல் கட்டப் போய்விட்டன.

"சார், வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஏறுங்க. குதிரை ஆளே மாறிடுச்சு" என்று பயிற்சியாளர் ஃபோன் செய்தார்.

"குதிரை ரெடியானா போதும் மேடம். நான் எப்பவுமே ரெடி."

போட்டிக்கு வெள்ளைக் கால்சட்டையில் வந்தார். ஆபீஸிலிருந்து பதினொரு பேரைக் கூட்டி வந்திருந்தார். நடை பிரமாதமாகப் போனது. கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைக்கக்கூட நேரம் இருந்தது. பிறகு ஓட்டம். முன்பு உள்வாங்கிக்கொண்ட அதே முதுகு இப்போது ஒவ்வொரு அடிக்கும் எழும்பி அவரை மேலே அனுப்பியது. அவர் கீழே வரும்போது அது அடுத்த அடிக்கு எழும்பியிருக்கும். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. தொப்பி கண்ணை மறைத்தது. பாதத்தை ஊன்றும் மிதி ஒன்றைக் காலிலிருந்து நழுவவிட்டார், அப்புறம் இன்னொன்றையும். கடைசியில் பிடரி மயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி மூலைகளைத் திரும்பினார். திரும்பியது குதிரைதான், அதற்குப் பாதை தெரிந்திருந்தது.

நடுவரின் தாளில் இருந்தது: 'ஓட்டம், எட்டு. சவாரி செய்பவரின் அமர்வு, மூன்று. அழகான முதுகு. அதைத் தொந்தரவு செய்யாதிருந்தால் இன்னும் நல்லது.'

பதினொரு பேரும் மழை வரும்போல் இருக்கிறது என்று ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

அவர்கள் போனதும் மேனேஜர் பயிற்சியாளரைத் தனியாக அழைத்தார். "மேடம், இதைக் கொஞ்சம் பழையபடி ஆக்க முடியுமா?"

"எதை சார்?"

"முதுகை."

"முடியாது சார். ஆனா உங்களுக்கு முதுகு வர வைக்கலாம்."

அடுத்த வாரம் தொடங்கினார்கள். குதிரையை நீளக் கயிற்றில் வட்டமாக ஓட விட்டு, மேனேஜரை மிதி இல்லாமல், கடிவாளம் இல்லாமல் மேலே உட்கார வைத்தார்கள். கயிறு கணக்கு டீச்சர் கையில். முதல் மாதம் ஆபீஸ் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் ஏறினார். இரண்டாவது மாதம் சுற்றுக்குச் சுற்று காரணம் சொன்னார்: சேணம் வழுக்குகிறது, வெயில் கண்ணில் அடிக்கிறது, கயிறு நேராக இல்லை. மனைவி எல்லாவற்றுக்கும் "ம்" போட்டார்.

நான்காவது மாதத்தில் ஒரு காலை நேரம், ஒரு முழு வட்டத்துக்குச் சத்தமே இல்லை. குதிரை முதுகு எழும்பியது, அவர் கூடவே எழும்பினார், கூடவே இறங்கினார். எங்கும் இடிக்கவில்லை. எதையும் பிடிக்கவும் இல்லை. அவர் முகம் கிட்டத்தட்ட குழந்தை முகமாக இருந்தது.

"என்னங்க, பேச்சையே காணோம்?"

இறங்கியதும் வழக்கமாக மணியைப் பார்ப்பவர், குதிரையின் கழுத்தைத் தடவியபடி நின்றார். பிறகு ஏதோ பெரிய தானம் செய்பவர்போல் மனைவியிடம் திரும்பினார்.

"நீயும் ஒரு தடவை ஏறிப் பாரேன். பயப்படாத, நான் பிடிச்சுக்கிறேன்."

கணக்கு டீச்சர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் ஏறி ரெண்டு மாசம் ஆச்சுங்க. செவ்வாய், வெள்ளி வருவேன். நீங்க அப்ப மீட்டிங்ல இருப்பீங்க."