வலது தோள் முடிச்சு

ஸ்டூடியோக்காரருக்கு முப்பது வருஷமாக ஒரு பழக்கம். கடைக் கண்ணாடிக்குள் வைக்கிற படத்தில் முகம் வாசலைப் பார்க்க வேண்டும். வாசலுக்குப் புறம் காட்டுகிற முகம் வருகிற ஆளையும் விரட்டிவிடும் என்பார். படம் வேறு பக்கம் பார்த்தால் கம்ப்யூட்டரில் அப்படியே இடம்வலமாகத் திருப்பிப் போட்டுவிடுவார். இதுவரை ஒரு ஆளும் கண்டுபிடித்ததில்லை. மகள் படத்தையும் அப்படித்தான் திருப்பினார்.

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். படத்தில் அவள் மேட்டுத்தெரு ஜனங்களின் உடுப்பில் இருந்தாள். கறுப்பில் சிவப்புக் கரை போட்ட நீளத் துணி, தோளில் கைமுட்டி பருமனுக்கு ஒரு முடிச்சு. கல்யாணப் படம் எடுக்க வருகிற சோடிகள் எல்லாம் இப்போது அந்த வேசம்தான் கேட்கிறார்கள். கடையைக் கூட்டிப் பெருக்க வரும் மேட்டுத்தெரு அக்காவிடம் ஒரு உடுப்பை விலைக்கு வாங்கி, விளம்பரத்துக்கு மகளையே நிற்க வைத்தார்.

பக்கத்துக் கடைத் தையற்காரர் அவருடைய மச்சினன். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"அவங்க உடுப்பு அவங்களோட இருக்கட்டும் அத்தான். நமக்கு எதுக்கு?"

"காசு குடுத்து வாங்கின துணி மாப்ள. போட்டுக்க எவன்கிட்ட கைநாட்டு வைக்கணும்? அவங்க பேன்ட்டு போடறாங்க, நான் சண்டைக்கா போனேன்? நீதானே தச்சுக் குடுக்கறே!"

"பேன்ட்டு வேற. பேன்ட்டைப் பார்த்து எவனும் கண்கலங்க மாட்டான்."

மகளுக்கு உடுத்திவிட்டது அக்காதான். முடிச்சை மட்டும் வேறு யாரையும் தொட விடவில்லை. "போடறதுல ஒண்ணும் இல்லண்ணே. கண்டபடி போடக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள். படம் பிடித்த மறுநாளே, தன் மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது என்று லீவு போட்டு ஆஸ்பத்திரித் துணைக்குப் போய்விட்டாள். அதனால் கண்ணாடிக்குள் படம் ஏறியதை அவள் பார்க்கவில்லை.

மச்சினன் பார்த்தார். "அத்தான், புள்ளைக்கு மச்சம் இடது கன்னத்துல இருந்துச்சே, எப்ப வீடு மாறிச்சு?" என்று சிரித்தார்.

"வாசலைப் பார்க்கணும்னா மச்சமும் கூட வரத்தான் செய்யும்" என்றார் இவர்.

அந்த வாரமே மேட்டுத்தெரு ஆட்கள் கடைக்கு முன்னால் வரும்போது எதிர்ச்சாரிக்கு மாறி நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வயசாளி ஒருத்தர் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு படத்தையே பார்த்தார். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து இவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் கும்பிடுகிற கும்பிடு. 'படத்தைக் காட்டிக் காசு கேட்க வந்தவன், தைரியமில்லாமல் போகிறான்' என்று இவர் நினைத்துக்கொண்டார். யார் எதற்குக் கும்பிட்டாலும் இவருக்குச் சந்தேகம்தான்.

ஒரு மாசம் போனது. அக்காவின் மகளுக்கு ஆண் குழந்தை. பிரசவம் பார்த்ததே இவர் மகள்தான். அக்கா அதுவரை மகளோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டு, முந்தின நாள்தான் மேட்டுத்தெருவுக்குத் திரும்பியிருந்தாள். குழந்தையைப் பார்க்க வரச்சொல்லி அந்த வீட்டு மருமகன் ஆஸ்பத்திரிக்கே வந்து கூப்பிட்டுப் போயிருந்தான்.

"அவங்க உடுப்பையே கட்டிக்கிட்டுப் போறேன்ப்பா, சந்தோஷப்படுவாங்க" என்றாள் மகள். துணியைச் சுற்றி முடித்தவள் முடிச்சில் நின்றுவிட்டாள். "அன்னைக்கு இடது தோள்ல போட்ட மாதிரி ஞாபகம்..."

"கண்ணாடிக்குள்ள படம் இருக்குல்ல? பார்த்துக் கட்டு. படம் பொய் சொல்லுமா?"

அவள் வெளியே போய்ப் பார்த்தாள். வலது தோளில் இறுக்கி முடிந்துகொண்டு, படிக்கட்டு வழியாக மேட்டுத்தெருவுக்கு ஏறினாள்.

கால்மணி நேரம் கழித்து, வண்டிப்பாதை வழியாக அக்கா வந்தாள். இவரையும் கையோடு கூட்டிப்போகத்தான் வந்திருந்தாள். சிரித்த முகம் கண்ணாடிக்கு முன்னால் செத்துப்போனது.

"அண்ணே, பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"அவளுக்கென்ன, உங்க வீட்டுக்குத்தான் போயிருக்கா."

"வலது தோள்ல முடிச்சுப் போட்டா எங்கள்ல பொணம்ணே. பொணத்துக்கு மட்டும்தான் அந்தப் பக்கம்." குரல் இறங்கிவிட்டது. "பாப்பா என்ன கட்டிக்கிட்டுப் போச்சு?"

இவர் கண்ணாடிக்குள் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் இவர் முகத்திலேயே படித்துக்கொண்டாள். "வீட்டுல பச்சைப்புள்ள இருக்குண்ணே" என்றபடி ஓடினாள்.

படிக்கட்டு ஏறுவதற்குள் இவருக்கு மூச்சு முட்டியது. பட்டப்பகலில் மேட்டுத்தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. கடைசி வீடு மட்டும் திறந்திருந்தது. முற்றத்தில் ஆம்பளைகள் சுவரோரமாக நின்றார்கள். ஒருத்தரும் இவரை வாங்க என்று சொல்லவில்லை. கும்பிட்டுப் போன வயசாளியும் அங்கே இருந்தார்.

"தப்பு என்னுதுங்க" என்றார் இவர். அவர் வாயில் அந்தச் சொல் வந்து எத்தனையோ வருஷம். "படத்தைத் திருப்பிப் போட்டுட்டேன். அதைப் பார்த்து எம்புள்ள கட்டிக்கிச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"படத்தை ஒரு மாசமாப் பார்க்கறோம்" என்றார் வயசாளி. "உன் வீட்டுச் சாவுன்னு பேசாம இருந்தோம். இன்னைக்கு எங்க வீட்டுக்குள்ள அனுப்பிட்டே. அந்த முடிச்சோட உள்ள வந்தது நடந்து வெளிய போகக் கூடாது."

உள் அறையில் மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. தாய்க்காரி மூலையில் ஒடுங்கி, கை நீட்டவும் முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். மகள் அதை வெட்கம் என்று நினைத்திருப்பாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"எல்லாரும் எவ்வளவு மரியாதையா எழுந்து நின்னாங்க தெரியுமாப்பா? இவன் சமத்து. நான் தூக்கினதுல இருந்து அழவே இல்ல."

இவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கக் குனிந்தார். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். தாழ்ப்பாளைப் போட்டது அக்காதான்.