பூஜையில் வைத்த துப்பாக்கி

சட்டம் சரிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் கையில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும். பெண்டாட்டியானாலும் மச்சினனானாலும் தொடக் கூடாது. என் வீட்டுக்காரர் பூலோகம் பட்டாளத்திலிருந்து வந்து அந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை வாங்கிய அன்றைக்கே இதை எனக்குச் சொல்லிவிட்டார். நானும் தொட்டதில்லை. பெட்டியைத் துடைப்பேன், பூட்டைத் துடைப்பேன், அதோடு சரி.

மாட்டுங்காவில் ஒரு நகைக்கடை வாசலில் அவர் காவல். சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறவரைத்தான் சேட் வேலைக்கு எடுப்பார். துப்பாக்கி இல்லாத பூலோகத்துக்கு அந்தக் கடையில் ஸ்டூல்கூடக் கிடையாது. தினமும் கான்வாஸ் உறைக்குள் போட்டு, தாராவியிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோய், ராத்திரி அப்படியே கொண்டுவருவார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார். யார் முழங்கையாவது உறையில் பட்டுவிடுமாம். அப்பேர்ப்பட்ட மனுசன்.

ஆனால் ஆயுத பூஜை வந்துவிட்டால் எங்கள் சந்தில் ஒரு வீடு பாக்கி கிடையாது. தையல் மிஷின், தோல் வெட்டும் கத்தி, ஆட்டோ, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம்தான். நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள், என் கிரைண்டருக்கு ஒரு மாலை. என் தம்பி பேச்சிராஜா துணி எக்ஸ்போர்ட் பட்டறையில் இஸ்திரி போடுகிறான், அவன் இஸ்திரிப்பெட்டிக்கு ஒரு மாலை. சோறு போடுகிற சாமானை விட்டுவிட்டுப் பூஜை செய்ய முடியுமா? ஆகவே துப்பாக்கியும் பெட்டியை விட்டு வெளியே வந்து, பலகையில் பொரிகடலைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கவும் கூடாது. வருசா வருசம் அப்படித்தான். தோட்டாக்களை மட்டும் அவர் தனியாகப் பூட்டிவிடுவார்.

போன வருசம் அவர் பூசணிக்காய் உடைக்கச் சந்து முனைக்குப் போயிருந்தார். நான் பக்கத்து வீட்டுக்குச் சுண்டல் கொடுக்கப் போனேன். அந்த நேரத்துக்குள் என் தம்பி துப்பாக்கியைத் தோளில் சாத்தி, மூஞ்சியை வில்லன் மாதிரி வைத்துக்கொண்டு, போட்டோ எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். முப்பது வயது மாடு! திரும்பி வந்து பார்த்தவர் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"ரவைதான் இல்லல்லா அத்தான்," என்று அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"ரவை இல்லன்னாலும் துப்பாக்கி துப்பாக்கிதாம்ல. அழி அதெ."

அவன் அழித்துவிட்டான். ஆனால் அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படமெடுத்துப் போலீஸுக்கு அனுப்பியிருந்தான்.

மறுநாள் தசரா. செம்பூரில் பாவு என்று ஒருவர் இருக்கிறார். கட்டடம் கட்டுகிறவர், கட்சிக்காரர், அண்ணன் என்கிற மாதிரி எல்லாரும் பாவு என்றுதான் சொல்வார்கள். வருசா வருசம் அவர் மேடை போட்டு ஆயுதங்களுக்குப் பூஜை செய்வார். அந்த வருசம் ஒரு சினிமா ஹீரோவைக் கூப்பிட்டிருந்தார். ஹீரோ பாவுவின் பிஸ்டலை வாங்கி வானத்தைப் பார்த்துச் சுட்டான். கூட்டம் விசிலடித்தது. எங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் மேடை ஓரத்தில், நெற்றியில் திலகத்தோடு, கைதட்டிக்கொண்டு நின்றார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதற்கு அடுத்த நாள் எங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்திருந்தபோது, எதிரே டிவியில் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஹீரோ சுடுகிறான், கூட்டம் கத்துகிறது, மறுபடியும் ஹீரோ சுடுகிறான். அந்த டிவிக்குக் கீழே உட்கார்ந்துதான் இன்ஸ்பெக்டர் என் தம்பி மேலும் என் வீட்டுக்காரர் மேலும் கேஸ் எழுதினார். துப்பாக்கி மேஜை மேல் கிடந்தது. அதில் பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் அழியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. டிவியைக் காட்டி, அது மட்டும் என்ன சாஹேப் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அது விசாரணையில் இருக்கிறது என்றார். விசாரணை சீக்கிரமே முடிந்துவிட்டது. அது ஷூட்டிங்கில் வெடிக்கிற பொய்த் துப்பாக்கி என்று பேப்பரில் வந்தது. பாவுவின் பிஸ்டலை அதற்கு முந்தின வருசங்களில் பார்த்த சனமெல்லாம் அதைப் படித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது.

தம்பியை ஒரு ராத்திரி உள்ளே வைத்து ஜாமீனில் விட்டார்கள். துப்பாக்கி போலீஸிடமே தங்கிவிட்டது. லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். சேட் நல்ல மனுசன்தான், தசராவுக்கு வாங்கிய ஸ்வீட் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, துப்பாக்கி வந்ததும் வா பூலோகம் என்று அனுப்பிவிட்டார். ஸ்வீட்டை யாரும் தொடவில்லை, எறும்பு தின்றது.

மாட்டுங்காவில் வைத்தீஸ்வரன் என்று ஒரு வக்கீல். எங்களிடம் ஃபீஸுக்கு அடம்பிடிக்காத ஆள். நான் நியாயத்தையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"பாருங்கோம்மா, போலீஸ் பண்ணினதில சட்டப்படி தப்பில்லை," என்றார். "நீங்க கேக்கறது நியாயம். அதுக்கு நான் எந்தக் கோர்ட்டில போய் பெட்டிஷன் போடறது?"

அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

வாய்தா, வாய்தா, வாய்தா. கோர்ட்டுக்குப் போய் நிற்பது, பெயர் கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டுவது, தேதி வாங்கிக்கொண்டு வருவது. அலுத்துவிட்டது. கோபப்படக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அவர் ஒரு ஏஜென்ஸியில் சேர்ந்தார். தடியும் விசிலும் கொடுத்து, செம்பூரில் ஒரு பெரிய கட்டடத்தின் கேட்டில் நிறுத்தினார்கள். அது பாவு கட்டி, பாவுவே குடியிருக்கிற கட்டடம். வேண்டாம் என்று சொன்னேன். மாவு விற்று எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். கார் வரும்போதெல்லாம் சல்யூட் வைத்தார். பட்டாளத்தில் வைத்த அதே சல்யூட்.

இந்த வருசம் ஆயுத பூஜைக்கு அவர் விசிலைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். நான் அதற்கும் பொட்டு வைத்தேன். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மறுநாள் பாவு தன் கட்டடத்து ஹாலிலேயே பூஜை வைத்தார். வேட்டைத் துப்பாக்கி ஒன்றில், தோட்டா போடத் திறக்கிற போல்ட் இறுகித் திறக்கவில்லையாம். கையில் பிடித்து நின்று போட்டோ எடுக்க வேண்டும், அது மக்கர் செய்கிறது. கேட்டில் நிற்கிறவன் பட்டாளத்துக்காரன் என்று யாரோ சொல்ல, இவரை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் துப்பாக்கிக்கு முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். எனக்கு லைசென்ஸ் இல்லை, அடுத்தவர் துப்பாக்கியைத் தொட்டால் கேஸ் ஆகும் என்று சொன்னாராம். ஹாலே சிரித்திருக்கிறது. அதே இன்ஸ்பெக்டர் அங்கேயும் இருந்தார், அவரும் சிரித்தார். எடு எடு, நான் நிற்கிறேன் இல்லையா என்று தோளில் தட்டினாராம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் கையில் எண்ணெய் வாடை அடித்தது.

"எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்தேன்."

"வெக்கமாயில்ல?"

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "போல்ட்டக் கழத்தி, தொடச்சி, மாட்டிக் குடுத்தேன். கையில ஒண்ணெப் பிடிச்சி வருசம் ஆச்சில்லாட்டி. நல்லாத்தான் இருந்துச்சி."

எனக்கு வந்த கோபம் அப்படியே உள்ளே போய்விட்டது. தோசை சுட்டுப் போட்டேன், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் தம்பி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பாவுவின் இன்டர்நெட் பக்கத்தில் படம் வந்திருந்தது. நடுவில் பாவு, ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர், இன்னொரு பக்கம் வாட்ச்மேன் உடுப்பில், நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர். மேலே இந்தியில் 'நம் வீர ஜவான்' என்று எழுதி, கீழே ஊரே பூவும் கும்பிடும் போட்டிருந்தது.

அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பிறகு சீக்கிரமே சோறு வடித்தேன். ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனால் எப்போது விடுவார்களோ, சாப்பிட்டுவிட்டாவது போகட்டும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், போலீஸ் வர வேண்டும் என்றுதான் நான் காத்திருந்தேன். வந்து, லைசென்ஸ் இல்லாமல் ஏன் தொட்டாய் என்று கேட்கட்டும். கேட்டால், சரி, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், நமக்குத்தான் நேரம் சரியில்லை என்று நினைத்து, இந்த ஒரு வருசத்தையும் முழுங்கிவிடுவேன். அன்றைக்கு யாரும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை.

அந்த வாரம் ஒரு மத்தியானம் கான்ஸ்டபிள் ஒருவர் சந்துக்குள் நுழைந்து பூலோகம் வீடு எது என்று கேட்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இதுதான், வாருங்கள் என்றேன்.

அவர் ஒரு நோட்டீஸை நீட்டினார். போன வருசம் துப்பாக்கியை மச்சினன் கையில் கொடுத்ததற்காக, லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு வந்த நோட்டீஸ். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

பிறகு என் போனை எடுத்து, பாவுவின் படத்தைத் திறந்து, அவர் கையிலேயே கொடுத்தேன். இதைப் பாருங்கள் என்றேன். அவர் வெயிலுக்கு மறைத்துக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். எங்க சாஹேபும் இருக்கிறாரே, படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று மராத்தியில் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த சந்துக்குப் போனார்.