அவளைச் சேர்க்காத குழு

தினமும் காலையில் ஐந்து வயது மகளின் கையை ஜன்னலோரம் நீலத் துண்டின் மேல் வைத்துப் படம் பிடிப்பது அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. ஊரடங்கில் தோல் டாக்டரின் கிளினிக் மூடிக்கிடந்தது. ஒரே வெளிச்சத்தில் எடுத்தால்தான் தடிப்பு கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாக்டர் அக்காவின் சிநேகிதி என்பதால், படம் மேல்மாடியிலிருந்த அக்காவின் போனுக்குப் போய் அங்கிருந்து போகும். கணவன் வேலைக்குப் போன ஊரிலேயே மாட்டிக்கொண்டிருந்தான். அக்கா இருக்க நமக்கென்ன என்று அவளும் தைரியமாக இருந்தாள்.

ஆன்லைன் வகுப்பில் பாட்டுப் பாடிக் கை கழுவச் சொல்லிக்கொடுத்தாலும் கொடுத்தார்கள், குழந்தை ஒரு நாளைக்கு இருபது முறை கழுவி, தோல் வறண்டு வெடித்து, சொறிந்து சொறிந்து முழங்கைவரை புண்ணாக்கிக்கொண்டாள். களிம்பு டியூபை முறுக்கிப் பிழிந்தாயிற்று. அன்று கடைக்குக் கிளம்பும்போதுதான் குடியிருப்புச் செயலாளர் கதவைத் தட்டிவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்றார்.

“பாப்பாவுக்குத் தடிப்பு வந்திருக்காமே. கொரோனா டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாசல் தாண்டக் கூடாதும்மா.”

“இது கரப்பான் சார். கைக்குழந்தையிலேர்ந்தே இருக்கு, யாருக்கும் ஒட்டாது. யார் சொன்னாங்க?”

அவர் போனை எட்ட நீட்டினார். அவளைச் சேர்க்காமல் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தார்கள். அதில் நீலத் துண்டு. அதன்மேல் மகளின் கை. அனுப்பியது அக்கா.

மூன்றாவது முறை அழைத்தபோதுதான் அக்கா எடுத்தாள். “என் வீட்லயும் பிள்ளைங்க இருக்குல்லடி. நியூஸ்ல என்னென்னமோ சொல்றாங்க.”

“அவளுக்கு முதல்முதலா தடிப்பு வந்தப்ப மடியில போட்டு எண்ணெய் தடவினதே நீதானேக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். அக்காவின் தசை கதவைச் சாத்திக்கொண்டு நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தது. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாளே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. வேறு யார் செய்திருந்தாலும் சண்டை போட்டு ஆறியிருப்பாள்.

“களிம்பு தீர்ந்துபோச்சு. நாங்க வெளிய போக முடியாது” என்று மட்டும் சொன்னாள். கேட்க நாக்கூசியது. ஆனால் குழந்தையின் அரிப்புக்கு ரோஷம் தெரியுமா?

மாலையில் கதவு லேசாக அசைந்தது. திறந்தாள். கைப்பிடியில் ஒரு பை தொங்கியது, கிருமிநாசினி சொட்டச் சொட்ட. உள்ளே இரண்டு டியூப். அதற்குள் அக்கா பாதிப் படி ஏறியிருந்தாள்.

“பெரியம்மா!” குழந்தை அம்மாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஆட்டினாள்.

காலடி ஒரு படியில் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஏறிப்போனது. மேலே கதவு மூடித் தாழ்ப்பாள் விழுந்தது. குழந்தை இன்னும் கையை இறக்கவில்லை.