அவர் பாஸ்போர்ட்டில் என் படம்

“எனக்குத் தனிப் பாஸ்போர்ட் வேணும்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வாழப் போகிறவள் திரும்பி வருவதைப் பற்றிப் பேசக் கூடாதாம். கேட்டுவிட்டேன். அதுவும் செக்காலை ரோட்டில், சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வேண்டியதைச் செய்துகொடுக்கும் குமரப்பனின் ஆபீசில், மாமியாரையும் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அதுவரை குமரப்பன் உற்சாகமாக இருந்தார்.

“அம்மியெல்லாம் வேணாம் ஆச்சி. அங்க அடுக்குமாடி வீடு. தட்டுனா கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துருவான். மசாலாவ இங்கயே திரிச்சுக் குடுத்து விடுங்க. ரெண்டு குடை வைங்க, நெனச்சா மழை.”

“அம்மியில அரைக்காம எம் மகனுக்குச் சோறு எறங்காதே!” என்றார் மாமியார் மீனாள்.

“இத்தன வருசம் அங்க என்னத்த எறக்குனாராம்?” என்றேன். கணவர் மாயக்கண்ணன் சிரித்தார். தன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பிறகு குமரப்பன் என் கணவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி, என் போட்டோவைக் கேட்டார். அப்போதெல்லாம் கணவன் பாஸ்போர்ட்டிலேயே மனைவி படத்தையும் ஒட்டலாம். மனைவிக்கென்று அதிலேயே இடம் இருக்கிறது, மெட்ராசுக்கு அனுப்பி என்னையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது, எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்றார். அப்போதுதான் கேட்டேன்.

“அவரு பாஸ்போர்ட்டுல போனா அவரு கூட வந்தாத்தானே உண்டு?”

“ஆமா தாயி. அவரு இல்லாம எங்க போகப் போறீக?”

“எங்கப்பாவுக்கு ஒண்ணுன்னா, எங்க ஊரு காளையார்கோவிலுக்கு.”

“அடி ஆத்தி, நல்ல காரியத்துல பேசுற பேச்சா இது!” என்றார் மாமியார்.

எங்கள் தெருக் காளியாயி இப்படித்தான் பினாங்கு போனாள். அவளுடைய அப்பா இறந்தபோது கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் வந்து இறங்கியது திவசத்துக்கு.

“பி.ஏ. படிச்சவ வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்” என்றார் மாமியார்.

“எங்க சொன்னீக? கல்யாணப் பத்திரிகையில பி.ஏ.வப் பெருசாப் போடச் சொன்னதே நீங்கதான்.”

குமரப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். “தனியாவும் எடுக்கலாம். ஆனா மாசக்கணக்காகும். தம்பிக்கு லீவு முடியுதே.”

“இப்ப இதுல வா நாகு” என்றார் கணவர். “அங்க போயித் தனியா எடுத்துக்கிருவம்.”

“அங்க போனா நாளைக்கும்பீக, அடுத்த மாசம்பீக.”

“என்னய நம்பலயா?”

“உங்கள நம்புறேன். உங்க லீவத்தான் நம்பல.”

“அப்ப நான் மட்டும் போகவா?”

“போங்க. வீடு பாத்து வைங்க. என் பாஸ்போர்ட் வந்ததும் வாறேன்.”

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார் குமரப்பனைப் பார்த்தார். என்னை யாரும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த என் போட்டோவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“புதுசுக்கு ஒரு படம் பத்தாதுல்ல அண்ணே? ஸ்டுடியோ எங்குட்டு இருக்கு?”

குமரப்பன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். “அங்குட்டு… பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல.”

“ஏத்தா, நில்லு! எம் மகன் இன்னும் சரின்னு சொல்லலயே!” என்றார் மாமியார்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.