கூடத்துக் குழி

வைரம் தேடும் கம்பெனி ஒன்றின் பங்குகளை மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வாங்கிய அன்று, அவர் வீட்டுக் கூடத்தில், சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், டம்ளர் வாயளவுக்கு ஒரு குழி விழுந்தது. கம்பெனி துளை போட்டதோ கடல் தாண்டிப் போகவேண்டிய ஒரு பனி நாட்டில். இருந்தாலும் அங்கே துளை இறங்க இறங்க இங்கேயும் இறங்கியது. ஜில்லென்று காற்று வந்ததால் கடைக்காரரின் மனைவி தண்ணீர்ப் பானையை அதன் ஓரத்தில் வைத்தாள். நகராட்சியிலிருந்து வந்தவர் குனிந்து பார்த்து, இது சாக்கடையும் இல்லை, கிணறும் இல்லை, ஆகவே தங்கள் இலாகாவில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரருக்கு ஒரே தம்பி, லிஃப்ட் மெக்கானிக். பெற்றவர்கள் போன பிறகு அவரே தலைவாரிச் சோறு போட்டு வளர்த்த பிள்ளை. சாப்பிட்ட பாத்திரத்தை அவரவர்தான் கழுவ வேண்டும் என்று சின்ன வயதில் அண்ணன் சொன்னதைக் கல்யாணத்துக்குப் பிறகும் விடாதவன். வீடு கட்டச் சேர்த்ததையெல்லாம் அண்ணன் பேச்சைக் கேட்டு அதே பங்கில் போட்டான். கண் பரிசோதிக்க வருகிறவர்களிடமெல்லாம் கடைக்காரர் வைரத்தைப் பற்றியே பேசியதில், எதிர்க்கடையில் இஸ்திரி போடும் அம்மாள்கூடக் கொஞ்சம் போட்டிருந்தாள்.

அந்தப் பனி நாட்டு மண்ணில் கருஞ்சிவப்பாகச் சில மணிக்கற்கள் கிடைத்திருப்பதாகவும், வைரம் இருக்குமிடத்தில்தான் அவை இருக்கும் என்றும் கம்பெனி அறிவித்தபோது பங்கு விலை நாலு மடங்கு ஏறியது. குழி வாளியளவு ஆயிற்று.

"அண்ணே, பாதியையாவது வித்துடலாமா? அஸ்திவாரமாச்சும் போட்டுடுவேன்."

"போடா கிறுக்கா. இப்ப வந்தது வாசனைதான். சாப்பாட்டை இன்னும் அடுப்புல இருந்து இறக்கவே இல்ல, அதுக்குள்ள கை கழுவுறேங்கிற."

"நீங்க சொன்னா சரிண்ணே."

துளை சரியான பாறையைத்தான் தொட்டது. பாறையில் வைரம் இல்லை. காலையில் வந்த செய்தியில் மத்தியானத்துக்குள் விலை படுத்துவிட்டது. கடைக்காரர் அசரவில்லை. இறங்கின விலைக்கு இன்னும் வாங்கிப்போட்டால் வாங்கின சராசரி குறையும், அப்புறம் லேசாக ஏறினாலே கரை சேர்ந்துவிடலாம் என்று தம்பிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் பிழை இல்லை. அந்தக் கம்பெனியை நம்பிய எல்லாரும் பிழையில்லாத அந்தக் கணக்கிலேயே மூழ்கினார்கள். தம்பி மனைவியின் வளையல்களும் போயின. இவர்கள் வாங்க வாங்க விலை இறங்கியது, குழி அகன்றது. தண்ணீர்ப் பானை, தையல் மெஷின், சாய்வு நாற்காலி என்று ஒவ்வொன்றாக உள்ளே சரிந்தன. எதுவும் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

சந்தையில் அந்தக் கம்பெனிப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று, தம்பி வேலையிலிருந்து நேராகக் கயிறும் இடுப்புப் பட்டையுமாக வந்து நின்றான்.

"வைரம் இருந்தா எடுத்துட்டு வரேன்ணே. இல்லேன்னா, இல்லேன்னாவது தெரிஞ்சுடும்ல."

"வேண்டாம்டா."

"தினம் இறங்குறவன்தானே நான். லிஃப்ட் குழியும் குழிதானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் கடைக்காரர் கட்டிப்பிடித்தாவது நிறுத்தியிருப்பார். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். கயிறு வெகுநேரம் ஓடியது, பிறகு தொய்ந்தது. இழுத்துப் பார்த்தபோது முனை அறுந்திருக்கவில்லை, முறையாக முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். அவர்களிடமிருந்த கயிறெல்லாம் சேர்த்தும் அடி தட்டவில்லை.

கடைக்காரர் அன்னந்தண்ணி இல்லாமல் படுத்துவிட்டார். அவர் பேச்சைக் கேட்டுப் பணம் போட்ட தெருக்காரர்கள் அந்த வாசலை மிதிக்கவில்லை. முதலில் வந்தவள், இனி அவர் முகத்தில் விழிப்பதில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருந்த இஸ்திரி அம்மாள்தான். கையில் டிபன் கேரியர்.

"ஆளாளுக்கு மூலையில கிடந்தா ஆச்சா? அந்தப் பிள்ளைக்குப் பசிக்காதா? எந்திரிங்க, கயித்தை எடுங்க."

கேரியரைக் கட்டி இறக்கினார்கள். மறுநாள் இழுத்தபோது எல்லா அடுக்கும் காலியாக, கழுவித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வந்தது. கடைக்காரர் ஓரத்தில் மண்டியிட்டு, "ஏறி வாடா, அண்ணன் தப்புப் பண்ணிட்டேன், ஏறி வா" என்று தொண்டை கிழியக் கத்தினார். கடவுள் சிலரைத் திருப்பித் தருவதில்லை. அவர்களுக்குச் சாப்பாடு அனுப்புவதைத் தடுப்பதும் இல்லை.

அதன்பிறகு தெருவில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். பணம் போனவர்களும் முறை தவறவில்லை. கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு வேறு நாட்டில் தங்கம் தேடப் போனது. தம்பியின் மனையில் கடைக்காரர் பல வருஷம் பாடுபட்டு ஒரு வீடு எழுப்பினார். தம்பி மனைவி குடிபோக மறுத்து, கூடத்திலேயே குழி ஓரம் பாய் போட்டுக்கொண்டாள்.

தம்பிக்கு நாற்பது கடந்த வருஷம், வெள்ளெழுத்து வந்திருக்கும் என்று கடைக்காரருக்குத் தோன்றியது. தகப்பனுக்கும் தனக்கும் எந்த வயதில் எவ்வளவு வந்தது என்று யோசித்து, உத்தேசமாக ஒரு பவர் போட்டு, தாமே கண்ணாடி தேய்த்து, கேரியரின் மேலடுக்கில் துணி சுற்றி வைத்தார். மறுநாள் கேரியர் கழுவி வந்தது. துணி மடித்து வந்தது. கண்ணாடி வரவில்லை.

"பவர் சரியா இருக்கும்போல" என்றார் தம்பி மனைவியிடம். அவள் தலையாட்டிவிட்டு, இன்று யார் வீட்டு முறை என்று கேட்டாள்.